கல் குடித்த தண்ணீர்

எங்கள் வாசலில் நகராட்சிக் குழாய் கசிகிறது என்று தெருவே நம்பியது. அது நகராட்சித் தண்ணீர் இல்லை. என் கல்லுக்காகத் தண்ணீரைச் சுத்தம் செய்த மிஷின் கழித்துத் தள்ளிய தண்ணீர். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஒரு கோடை முழுக்கச் சொல்லவில்லை.

கல் என்றால் உயிருள்ள கல். கடலில் வளர்கிற பவளம். மான் கொம்பு மாதிரிக் கிளை விடும். நான் கொம்பு என்றுதான் சொல்வேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினம் பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு வீட்டுக்குச் சமையலுக்குப் போகிறேன். நான் படித்தது எட்டாவது வரை. அந்த வீட்டுத் தம்பி கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். உள்ளே உப்புத் தண்ணீர். மீன் ஒன்றிரண்டுதான், மற்றதெல்லாம் கல். வேலை முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் அதன் எதிரில் செத்த நேரம் நிற்பேன். ஏன் நின்றேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவர் போன கொஞ்ச நாளிலேயே தொட்டி கலங்கிவிட்டது. அந்த வீட்டம்மாவுக்கு வாடை ஒத்துக்கொள்ளவில்லை. "தீசேய், தீசேய்" என்றார்கள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எடுத்துப் போடு என்று அர்த்தம். அதற்குள் தம்பி போன் போட்டுவிட்டார்.

"அக்கா, சாக்கடையில கொட்டிறாதீங்க. நீங்க எடுத்துட்டுப் போறீங்களா? நான் போன்லயே சொல்லித் தாரேன்."

சரி என்றேன். வீட்டில்கூடக் கேட்கவில்லை. யாரையும் கேட்காமல் நானாகச் சரி சொன்னது அது ஒன்றுதான்.

இதைக் கடலிலிருந்து எடுக்கக்கூடாது, சட்டம் இருக்கிறது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். இது தொட்டியிலேயே வளர்ந்த கல்லில் ஒடித்த துண்டு என்றும் சொன்னார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. தெருவில் மீன் தொட்டி என்று சொல்லி வைத்தேன். அதனால் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் ஒளிவுதான்.

என் வீட்டுக்காரர் மோட்டார்களுக்குக் கம்பிக் காயில் கட்டுகிறவர். லோடு ஆட்டோவில் தொட்டியை ஏற்றி வந்து உள்ளறையில் வைத்துக் கொடுத்தார். வைத்துவிட்டுக் கேட்டார்.

"மீனு எங்கட்டி?"

"மீனு இல்ல. கல்லுதான்."

"கல்லா? ஆலங்குளத்துல சிமெண்டுக்குன்னு மலையா வெட்டிக் குமிச்சிருக்கான். ஒரு லோடு அடிச்சுத் தாரேன், வச்சு வளத்துக்கோ."

அவருக்கு அது நல்ல நகைச்சுவை. யார் வந்தாலும் சொல்வார். பிறகு தம்பியும் போனில் அதையே சொன்னார். சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக் கல்லும் இதுவும் ஒரே சரக்குதானாம். தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பை எடுத்துத்தான் கொம்பு தன் உடம்பைக் கட்டிக்கொள்கிறதாம். இவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் சிரிப்பார்.

கொண்டு வந்த கற்களில் பெரும்பாலானவை செத்துப்போயின. தொட்டியிலிருந்து அழுகின முட்டை வாடை அடித்தது. ஒரு விரல் நீளத் துண்டு மட்டும் நின்றது. பச்சை நிறம், நுனியில் கத்தரிப்பூ நிறம். அதைத்தான் வளர்த்தேன்.

இதற்குச் சோறு பெரிதாகத் தேவையில்லை. எல்லாம் அதனதன் அளவில் மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உப்பு கூடக்கூடாது, குறையக்கூடாது. சூடு ஏறக்கூடாது. வெளிச்சம் நேரத்துக்கு வர வேண்டும், நேரத்துக்கு அணைய வேண்டும். தண்ணீர் சும்மா நிற்கக்கூடாது, கடலில் அலை அடிக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்புத் தூளைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, மேலே நிற்கிற தெளிவை மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எனக்கு இது கஷ்டமாக இல்லை. நாளும் உலை வைக்கிறவளுக்கு அளவு என்பது கையில் இருக்கும். விரலால் தொட்டுப் பார்த்தே சூடு சொல்வேன். ஆனால் உப்பை மட்டும் அதற்கென்று இருக்கிற கருவியில்தான் பார்ப்பேன். அதில் கையை நம்பி ஒரு தடவை கெடுத்துக்கொண்டேன்.

விளக்கு அணையப் போகிற சாயங்காலத்தில் அதன் மேல் ஊசி ஊசியாக ஏதோ நீட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஒரு வாய். கல் முழுக்க வாய். கையை உள்ளே விட்டால் அத்தனையும் சட்டென்று உள்ளே போய்விடும். அப்போது வெறும் கல்.

வெள்ளை நிறத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நுனியில் வெள்ளை தெரிந்தால் வளர்கிறது. அடியில் வெள்ளை தெரிந்தால் சாகிறது. இரண்டும் ஒரே வெள்ளைதான்.

துண்டு கிளை விட்டது. கிளை கிளை விட்டது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு ஆனது. படம் எடுத்து அனுப்பினால் தம்பி, "என்கிட்ட இருந்தப்பகூட இப்படி வரலையேக்கா" என்பார். அந்த வார்த்தைக்காகவே படம் அனுப்புவேன். அதுவும் உண்மை.

இனித் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

தொட்டித் தண்ணீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் குறைகிற அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. ஆர்.ஓ. மிஷினில் வடித்ததுதான் ஆகும். அந்த மிஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுக்க மூன்று குடம் கழித்துத் தள்ளும். கோடை வந்தால் எங்கள் ஊர் வெயிலில் தொட்டி சுடும். குளிர்விக்கிற மிஷின் வாங்க வசதி இல்லை. டேபிள் ஃபேனைத் தண்ணீரைப் பார்க்க வைத்தேன். தண்ணீர் குளிர்ந்தது, ஆனால் ஆவியாவது இரண்டு பங்கானது. அதற்கு மிஷின் இன்னும் ஓட வேண்டும், இன்னும் கழியும்.

நகராட்சித் தண்ணீர் எங்கள் தெருவுக்குத் தினமும் வராது. வருகிற அன்று காலையில் எல்லாரும் தெருக் குழாயடியில் குடம் வைப்பார்கள். எங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு உண்டு. என் வீட்டுக்காரர் அந்த இணைப்பில் ஒரு சின்ன மோட்டாரைப் போட்டார். தண்ணீர் திறந்ததும் அது லைனிலிருந்து இழுத்துத் தரைத்தொட்டியை நிரப்பிவிடும். அப்படிப் போடக்கூடாது. போட்டால் தெருக் குழாயில் நூல் மாதிரித்தான் வரும்.

"ஊர்ல எல்லாவனும் போட்டிருக்கான்" என்றார் அவர். "நம்ம மட்டும் யோக்கியமா இருந்து என்ன செய்ய? ஒன் கல்லுக்குத்தானே போடுதேன்."

என் கல்லுக்குத்தான். நான் மறுக்கவில்லை. சத்தம் வெளியே கேட்காமல் இருக்க மோட்டார் மேல் ஒரு பழைய மெத்தையைப் போட்டார். தண்ணீர் வருகிற அன்று மெத்தை நடுங்கிக்கொண்டிருக்கும். நானும் எல்லாரையும் போலக் குடம் எடுத்துப் போய்க் குழாயடியில் நிற்பேன். நிற்காவிட்டால் கேட்பார்களே. "சனியன், இன்னைக்கும் நூலு மாதிரி வருது" என்று அவர்கள் திட்டும்போது நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

மிஷினின் கழிவை முதலில் துணிக்கும் பாத்திரத்துக்கும் பிடித்து வைத்தேன். வேலைக்குப் போய் வருகிறவளால் குடம் மாற்றிக்கொண்டே இருக்க முடியவில்லை. வாசல் சுவரில் ஒரு பழைய இரும்புக் குழாய் இருந்தது. முன்பு நகராட்சி இணைப்பு அது வழியாகத்தான் வந்தது. இணைப்பை வேறு பக்கம் மாற்றிய பிறகு அது சும்மா கிடந்தது. மிஷின் ட்யூபை உள்ளிருந்து அதற்குள் செருகிவிட்டோம். அதன் வெளி முனையைச் சாக்கடை மேல் சாய்த்திருந்த மூடி மறைத்திருந்தது. தண்ணீர் போவது யாருக்கும் தெரியாது.

சாக்கடை தூர் வார வந்தவர்கள் மூடியைத் தூக்கினார்கள். திருப்பி வைக்காமல் போய்விட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் நான் வேலை முடிந்து வந்து மிஷினைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று கத்தினார்.

"ஏட்டி! ஏட்டி! வெளிய வா! ஒங்க பழைய குழாய்ல தண்ணி வருது!"

வெளியே போனேன். இரும்புக் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, தெளிவாக.

"அடியில லைன் எங்கயோ உடைஞ்சிருக்கு" என்றார் அக்கா. அதற்குள் ஒரு குடத்தைக் கீழே வைத்திருந்தார். "நகராட்சிக்காரன் காதுல விழுந்துச்சு, மண்ணப் போட்டு அடைச்சுட்டுப் போயிருவான். வாயத் தொறக்காத, கேட்டியா?"

"ம்" என்றேன்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. இது மிஷின் கழிவுத் தண்ணி அக்கா, பாத்திரம் கழுவப் பிடிச்சுக்கோங்க என்று சொன்னால் முடிந்தது. ஆனால் எந்த மிஷின், அதற்கு எங்கே இவ்வளவு தண்ணீர் என்று அடுத்த கேள்வி வரும். உள்ளே மெத்தைக்குக் கீழே மோட்டார் இருந்தது.

அதற்குள் முக்கு வீட்டுக்காரியும் வந்துவிட்டாள். மம்சாபுரத்திலிருந்து கட்டி வந்தவள், வாய் அதிகம். என்னை மதினி என்பாள்.

"மதினிக்கு யோகத்தப் பாரு. நாம நாள் கணக்கா குடத்தத் தூக்கிட்டு அலையுதோம், இவிய வாசல்ல கங்கை இறங்கிருக்கு."

"கண்ணு வைக்காதட்டி" என்றார் அக்கா. "எல்லாருக்கும் முறை வச்சுப் பிடிப்போம்."

அப்படித்தான் நடந்தது. மத்தியானம் ஆனால் என் வாசலில் குடங்கள் வரிசையாக நிற்கும். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து உள்ளே போனதும் தண்ணீர் வரும். அதையும் கவனித்துவிட்டார்கள். "இவ காலடி எடுத்து வச்சாத்தான் வருது பாரேன்" என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் இரும்புக் குழாயின் வாயில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவைச் சுற்றியிருந்தது. அக்கா என் தலையிலும் கொஞ்சம் பூ வைத்துவிட்டார்.

"வீட்டுக்காரிக்கு வைக்காமயா" என்றார்.

உள்ளே போய் அந்தப் பூவை எடுத்துவிட நினைத்தேன். வைத்த பூவை எடுக்கவும் கை வரவில்லை. பூவோடுதான் மிஷினைப் போட்டேன்.

குடங்கள் வரிசையாக நிற்கும்போது மிஷினை நிறுத்த முடியாது. கொம்புக்கு வேண்டியது கிடைத்த பிறகும் ஓட விட்டேன். நல்ல தண்ணீர் பக்கெட் நிரம்பி வழிந்தது. வழிகிறதே என்று அதில் பாத்திரம் கழுவினேன். நல்ல தண்ணீரில் நான் பாத்திரம் கழுவினேன், கழிவைத் தெரு பிடித்துக்கொண்டு போனது. தரைத்தொட்டி சீக்கிரம் காலியானது. தண்ணீர் வருகிற அன்று மோட்டார் இன்னும் அதிக நேரம் இழுத்தது. தெருக் குழாயில் அந்த நூலும் நின்றது. அதனால் என் வாசலில் குடம் கூடியது.

அவர்கள் அதைத் துணிக்கும் பாத்திரத்துக்கும்தான் வைத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் குடத்துக்குக் காத்திருக்கையில் முக்கு வீட்டுக்காரி சொன்னாள்.

"இந்தத் தண்ணியில பருப்பு வேகவே மாட்டேங்குதுக்கா. நானும் விசில் மேல விசிலா விடுதேன், கல்லு மாதிரி கிடக்கு. அவிய தட்டத் தள்ளிட்டுப் போயிட்டாக."

"ஒனக்குப் பருப்பு வாங்கத் தெரியல" என்றார் அக்கா. "தண்ணியக் குத்தம் சொல்லாத. எங்க வீட்டுல அவியளுக்கு இதத்தான் தனியா வடிகட்டி வைக்கேன். கல்லடைப்புக்கு நல்ல தண்ணியா நெறையக் குடிக்கச் சொல்லியிருக்காரு டாக்டரு. தெருக் குழாய்ல சேறும் புழுவுமா வருது. இது பாரு, கண்ணாடி."

அக்காவின் வீட்டுக்காரரை நான் அத்தான் என்பேன். மில்லில் வேலை பார்த்து நின்றவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் போகையில் வருகையில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பார்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். மிஷின் கழிக்கிற தண்ணீரில் என்ன இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொம்புக்கு ஆகாது என்று வடித்து ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் கூடி நிற்கும். பார்க்கத்தான் கண்ணாடி. ஒரு சொட்டு என் தொட்டியில் விழவிட மாட்டேன். அதை அவர் குடிக்கிறார்.

அப்போதும் சொல்லவில்லை. மறுநாள் நல்ல தண்ணீரில் ஒரு குடம் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, அத்தானுக்கு இதக் கொடுங்க. வேலைக்குப் போற வீட்டு மிஷின் தண்ணி. அங்கருந்து எடுத்துட்டு வந்தேன்."

ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் ஒரு குடம் தண்ணீரை யாராவது கொண்டு வருவார்களா? அக்கா நம்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்கு ஏன்ட்டி இம்புட்டு மெனக்கெடு. நம்மூரு மலையில இருக்க திருவண்ணாமலைப் பெருமாளுதான் ஒன்னய எங்களுக்கு எதிர்வீட்டுல கொண்டாந்து வச்சிருக்காரு."

அந்தக் கையை உருவிக்கொள்ளத்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு தினம் ஒரு குடம் அங்கே போனது. அது கொம்புக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர். அதே நேரத்தில் நகராட்சித் தண்ணீர் வருவதும் தள்ளிப்போனது. தரைத்தொட்டியில் அடி மண் தெரிந்தது. மிஷினை ஓட்டத் தண்ணீர் இல்லை. வடிகிற கொஞ்சத்தை அத்தானுக்குக் கொடுத்தால் தொட்டிக்குக் கிடையாது. ஃபேனை நிறுத்தினால் தண்ணீர் சுடும். ஓடவிட்டால் வற்றும். ஓடவிட்டேன். உப்பு ஏறியது.

கொம்பு சாயங்காலத்தில் வாய் திறப்பதை நிறுத்தியது. நிறம் மங்கியது. ஒரு நாள் பார்த்தால் அடியில் ஒரு விரற்கடை வெள்ளை.

தம்பிக்குப் படம் அனுப்பினேன்.

"அக்கா, குறையிற தண்ணிய ஊத்தாம விட்டுட்டீங்களா?"

"தண்ணி இல்ல தம்பி."

"உங்க வீட்டுல எப்பவும் இருக்குமேக்கா?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போனேன். வெள்ளை மேலே ஏறும், ஏறினால் நிற்காது, உயிருள்ள நுனிகளை வெட்டித் தனியாக ஒட்டினால் மிச்சம் பிழைக்கலாம் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தார். அதற்கும் தண்ணீர் வேண்டும். அத்தானுக்கு ஒரு குடம். கொம்புக்கு ஒரு குடம். இருந்தது ஒரு குடம்.

ஒரு நாள் அக்காவுக்குக் கொடுக்கவில்லை. அன்றைய குடத்தைத் தொட்டியில் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். அன்று அக்கா காலிக் குடத்தோடு வந்தார். கதவு திறந்துதான் இருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளறையில் இருந்தேன். அவர் நேராக உள்ளே வந்துவிட்டார்.

"ரெண்டு நாளா வரலையேன்னு பாத்தேன். தப்பா நினைக்காத, கேக்கவே கூச்சமா இருக்கு. அவியளுக்குத் திரும்ப வலி. அந்தத் தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?"

அவர் கேட்கக் கூச்சப்பட்டார். என்னிடம்.

நான் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. மிஷினுக்குப் பக்கத்தில் இரண்டு ட்யூப் இருந்தது. ஒன்று பக்கெட்டுக்குள், ஒன்று சுவருக்குள். சுவருக்குள் போனதை உருவி வெளியே எடுத்தேன். தண்ணீர் தரையில் கொட்டியது. அக்கா ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

வாசலில் முக்கு வீட்டுக்காரி குடத்தோடு இருந்தாள். அங்கிருந்து கத்தினாள்.

"நின்னுருச்சுக்கா! தண்ணி நின்னுருச்சு!"

ட்யூபைத் திரும்பச் செருகினேன்.

"வந்துருச்சு, வந்துருச்சு!"

திரும்ப உருவினேன்.

"அட, திரும்ப நின்னுருச்சு! மதினி உள்ளருந்து ஏதும் சாமி கும்பிடுதாகளா?"

அக்கா என் கையிலிருந்த ட்யூபைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். பக்கெட்டில் சொட்டுகிற நல்ல தண்ணீரைப் பார்த்தார். குனிந்து, தரையில் கொட்டியதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு பக்கெட்டில் தொட்டு வைத்தார்.

"கழிவா?" என்றார்.

"ஆமாக்கா."

"இதத்தான் அவிய குடிச்சாகளா?"

"ஆமா."

"நல்ல தண்ணி எதுக்கு? மீனுக்கா?"

"கல்லுக்கு" என்றேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அடி வெளுத்த கொம்பு உள்ளே நின்றது. அதில் ஒரு வாய்கூட வெளியே இல்லை. வெறும் கல்லாகத்தான் இருந்தது. அன்று ஒரு நாள் அது அழகாக இருந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததற்கும் கூச்சமாக இருந்தது.

"இம்புட்டுத் தண்ணி ஒனக்கு எங்க கிடைக்கு?"

நான் மெத்தையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். போய்த் தூக்கிப் பார்த்தார். பிறகு அதை எப்படி இருந்ததோ அப்படியே மூடி வைத்தார்.

"வெயில்ல குடத்த வச்சுக்கிட்டு நின்னமேட்டி" என்றார். "நீயும் கூட நின்னியே. எங்க கூடச் சேந்து சனியன்னு வஞ்சியே."

சத்தம் போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் சத்தம் போடவில்லை. காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். பக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எதிர்வீட்டு நிலைக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன். அதை அவர் எடுத்தாரா, கொட்டினாரா, நான் பார்க்கவில்லை.

அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கல்லை எடுத்தார்கள். அது முன்பே இருந்த கல்தான் என்று அவர் பிள்ளை சொன்னாராம். அந்தத் தண்ணீரால் கூடியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாது என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

அக்கா மெத்தையைத் தூக்கிப் பார்த்த அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் மோட்டாரைக் கழற்றச் சொன்னேன்.

"கழட்டிட்டு? ஒன் கல்லுக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

"கழட்டுங்க."

"ஊர்ல எல்லாவனும்—"

"அவிய கழட்டலைன்னா போகட்டும். நீங்க கழட்டுங்க."

முறைத்தார். ஸ்பேனரை எடுத்தார். "ஒனக்காகப் போட்டேன், இப்ப ஒனக்காகக் கழட்டுதேன். பொறவு என்னைய ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றார். கழற்றின மோட்டாரை எல்லாரும் பார்க்கிற மாதிரித் தோளில் வைத்துக் கடைக்கு எடுத்துப் போனார். அப்படி எடுத்துப் போகச் சொல்லி நான் சொல்லவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

புதுக் கட்டிங் பிளேயரைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவி, கொம்பை வெட்டினேன். நறுக்கென்று ஒடிந்தது. சளி மாதிரி ஒரு வழவழப்பு விரலில் ஒட்டியது. வெளுத்ததைப் போட்டுவிட்டு, நிறம் நிற்கிற நுனிகளை மட்டும் எடுத்தேன். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு. உடைந்த ஓட்டுச் சில்லில் பசை வைத்து ஒட்டி, ஒரு சின்னத் தொட்டியில் வைத்தேன். பெரிய தொட்டியைக் காலி செய்து மொட்டைமாடியில் கவிழ்த்துவிட்டேன். சின்னத் தொட்டிக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். மிஷினின் கழிவை இப்போது குடத்தில் பிடித்து நானே துணி துவைக்கிறேன். துண்டுகளில் பாதி செத்துவிட்டது. மீதி ஓட்டுச் சில்லைப் பற்றிக்கொண்டு நுனி வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. தம்பிக்குப் படம் அனுப்பவில்லை.

தெருவில் என்னை யாரும் ஒதுக்கவில்லை. பேசுவார்கள். ஆனால் எனக்குப் பெயர் மாறிவிட்டது. கல்லு வீட்டுக்காரி.

மோட்டார் போன பிறகு எங்கள் வீட்டு இணைப்பில் தண்ணீர் ஏறுவது அபூர்வம். தண்ணீர் வருகிற அன்று நிஜமாகவே குழாயடியில் நிற்கிறேன், கடைசி ஆளாக. போன தடவை வீட்டுக்கு ஒரு குடம்தான் என்று முறை வைத்திருந்தார்கள். அக்கா குழாய்க்குப் பக்கத்தில் நின்று முறை பார்த்தார். அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. நான் இரண்டு குடம் கொண்டு போயிருந்தேன். ஒன்றை மட்டும் வைத்தேன். இன்னொன்றைப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தேன். முக்கு வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"கல்லு வீட்டு மதினிக்கு மட்டும் ரெண்டு குடமா? இது எந்த ஊரு நியாயம்?"

நான் அந்த இரண்டாவது குடத்தோடு வீட்டுப் பக்கம் திரும்பினேன். அக்கா என்னைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னார்.

"மனுசாளுக்கு ஒண்ணு, கல்லுக்கு ஒண்ணு. அதுவும் நம்ம தெருத் தண்ணி குடிச்சு வளந்த கழுததான். வைக்கச் சொல்லுட்டி."

எல்லாரும் சிரித்தார்கள். நான் குடத்தைக் கொண்டுபோய் வைத்தேன். அது நிறைகிற வரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை.